பறையும் கிட்டாரும் ஒரு குழுவான கதைகள்: உங்கள் அனுபவம் என்ன?

கீழ்ப்பாக்கத்தில் நின்று கேட்டவன்

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது நானும் கூட்டத்தில் இருந்தேன். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கானா, ராப், ராக் கலைஞர்கள் 19 பேரை ஒன்றுகூட்டிய கதை இங்குள்ளவர்கள் அறிந்ததே என்பதால் அதை விட்டுவிடுகிறேன். என் மனத்தை விட்டு அகலாதது சட்டி என்னும் சாவு மேளத்தின் ஒலிதான். எங்கள் தெருவில் அது கேட்டால், யார் வீட்டில் சாவு என்று விசாரித்தபடி ஆட்கள் வாசலுக்கு வருவார்கள். அதே ஒலி டிரம்ஸோடும் பேஸ் கிட்டாரோடும் சேர்ந்து ஒலிபெருக்கிகளிலிருந்து எழுந்தபோது, வாழ்நாளெல்லாம் சாவு வீடுகளில் மோளம் அடித்த என் மாமா ஆடவில்லை, கைதட்டவும் இல்லை. வாசித்தவரின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "யாரும் சாகலியேடா, இவ்ளோ பேர் நின்னு கேக்குறாங்க" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

வியாசர்பாடி டோலக்

உங்கள் மாமா சொன்னதைப் படித்து நெகிழ்ந்தேன். ஆனால் அவர்கள் ஒன்றுகூடிய கதையை நீங்கள் விட்டுவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. மேடையில் நீங்கள் கேட்டது ஒத்திகை அறையில் உருவானது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதி பேதமற்ற' என்னும் சொல்லாட்சியிலிருந்து பெயரை எடுத்துக்கொள்வது ஒரு நாள் வேலை. இரவு முழுவதும் சாவு வீட்டில் பாடிப் பழகிய குரலையும் சுருதிப் பெட்டியோடு வளர்ந்த காதையும் ஒரே பாட்டுக்குள் கொண்டுவருவது வேறு வேலை.

எங்கள் பகுதியிலும் பிற்பாடு ஒரு சிறு குழுவைத் தொடங்கினோம். தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்துவந்த தம்பி, எங்கள் கானாப் பாடகரிடம் "எந்தச் சுருதி அண்ணே?" என்று கேட்டார். "நீ வாசி, நான் பாடுறேன்" என்றார் அண்ணன். தம்பி ஒரு ஸ்வரத்தில் நிற்க, அண்ணன் வேறோர் இடத்தில் எடுத்தார்; மறுபடி எடுத்தபோது இன்னும் மேலே போய்விட்டார். அறையில் எரிச்சல் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது தம்பி கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, "முழுப் பாட்டையும் எனக்காக ஒருமுறை பாடுங்கண்ணே" என்று தரையில் உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்தபின், கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கேப்போ என்னும் பிடிப்பானைக் கட்டை கட்டையாக நகர்த்தி அவர் குரல் நின்ற இடத்தைப் பிடித்தார். நாங்கள் குழுவானது அந்தக் கணத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒலி அமைப்பாளன்

ஒரு கடலோர நிகழ்ச்சியில் இப்படிப்பட்ட குழு ஒன்றுக்கு ஒலி அமைத்தேன். முதல் பாட்டில் இடியாக ஒலித்த பறை, மூன்றாம் பாட்டுக்குள் ஈரத் துணியைத் தட்டியதுபோல் ஆகிவிட்டது. வாசித்தவரின் முகம் இன்றும் நினைவில் நிற்கிறது.

புதிதாகக் குழு தொடங்குவோர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பறையின் தோல் ஈரக்காற்றில் தளரும். சூடு காட்டினால் இறுகும். ஆகவே மேடைக்குப் பக்கத்தில் தீமூட்டப் பாதுகாப்பான இடத்தை முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். காய்ச்சிய பறை இன்னொன்று மாற்றுக்கு எப்போதும் கையில் இருக்கட்டும். கட்ட மோளம் என்னும் அடிக்குரல் மேளமும் பேஸ் கிட்டாரும் ஒரே தாழ்ந்த தொனியில் மோதுவதால், யார் எங்கே அடங்குவது என்பதை ஒத்திகையிலேயே பேசி முடியுங்கள். மேடையில் குமிழைத் திருப்பி அதைச் சரிசெய்ய இயலாது. பறைக்குப் பக்கத்தில் பாடகரை நிறுத்தாதீர்கள், ஏனெனில் பாடகரின் மைக்கில் அவர் குரலைவிடப் பறையே அதிகம் ஏறும். இடம் போதாதபோது பல அமைப்பாளர்கள் பறையைப் பின்வரிசைக்கு அனுப்புகிறார்கள். அதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். டிரம்ஸ் பின்னால் போகட்டும்.

ஒப்பாரிக்காரி மகள்

மூவரும் கருவிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் அந்த 19 பேரில் கானாப் பாடகி இசைவாணி ஒருவர்தான் பெண். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றதை எல்லோரும் கொண்டாடினோம். ஆனால் கானா மேடைக்கு அடுத்த பெண் எப்படி வந்து சேருவாள் என்று இங்கே யாரும் கேட்கவில்லை.

நான் பாடும் குழுவின் ஒத்திகைகள் இரவில் நடந்ததால் என் அம்மா துணைக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் ஒப்பாரிப் பகுதியில் நான் மூச்சு வாங்கிய இடத்தைக் கேட்டு, "அங்க விடாத, அழுகை அறுந்துபோகுது" என்று குறுக்கிட்டு, தாமே பாடிக் காட்டினார். டிரம்ஸ் வாசித்த அண்ணன் குச்சிகளை மடியில் வைத்துவிட்டார். மறுநாளே அம்மாவைக் குழுவில் சேர்த்துக்கொண்டோம். வருமானத்தில் அவருக்கும் சம பங்கு என்று முடிவானபோது கிட்டார் வாசித்தவர் மறுத்து விலகினார். அவருடைய இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. கட்ட மோளத்தை மட்டும் வைத்துக்கொண்டு அம்மா அந்தப் பகுதியைப் பாடிவருகிறார்.