பெரியப்பாவின் வலது காது: குடும்பக் குழுவில் ஒரு நாள்

பெரியப்பா (மதுரை), காலை 7.10: அனைவருக்கும் வணக்கம். நேற்றுக் காலை எழுந்தது முதல் வலது காது அடைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே ஓயாத இரைச்சல் வேறு. அழுக்கு சேர்ந்திருக்கும் என்று நினைத்து, மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருக்கிறேன்.

அத்தை (திருச்சி), 7.22: அண்ணா, தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடாக்கி இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள்.

அண்ணி (சென்னை), 7.31: எண்ணெய் வேண்டாம் அத்தை. பெரிய மாமா, வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஓசை எழுப்புங்கள். அது எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது?

பெரியப்பா, 7.36: இடது காதில்தான் அம்மா, நன்றாக இருக்கும் காதில்.

அண்ணி, 7.48: அழுக்கோ தண்ணீரோ அடைத்திருந்தால் அந்த ஓசை அடைத்த காதில்தான் பலமாகக் கேட்க வேண்டும். நல்ல காதின் பக்கம் சாய்ந்தால், உள்காதோ செவி நரம்போ பாதிக்கப்பட்டிருக்கலாம். வீட்டில் செய்யும் இந்தச் சோதனையை நம்பி முடிவு செய்ய முடியாது. ஆகவே இன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து ஆடியோகிராம் (செவித்திறனை அளக்கும் சோதனை) எடுத்துவிடுங்கள். 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் கேட்கும் திறன் 30 டெசிபலோ அதற்கு மேலோ குறைந்திருந்தால், அதைத் திடீர் நரம்புவழிச் செவித்திறன் இழப்பு என்பார்கள். அதற்கு ஸ்டீராய்டை முதல் இரண்டு வாரங்களுக்குள், முடிந்தால் முதல் சில நாள்களிலேயே தொடங்குவார்கள். மருத்துவமனையில் எங்கள் பிரிவுக்கு ஒரு மாதம் சொட்டு மருந்து போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

அப்பா (கோவை), 8.05: அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறதே அம்மா, ஸ்டீராய்டு கொடுக்கலாமா?

அண்ணி, 8.20: நியாயமான கவலைதான் மாமா. வழக்கமாகப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று, நாளொன்றுக்கு 60 மில்லிகிராமுக்கு மிகாமல் கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். அந்த நாள்களில் சர்க்கரை ஏறும், தூக்கம் கெடும், வயிறு எரியும். அதற்காகச் சிகிச்சையையே தள்ளிப்போட வேண்டியதில்லை, ஏனென்றால் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஊசியாகவும் அதே வகை மருந்தைச் செலுத்தலாம். அமெரிக்காவில் 250 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், மாத்திரை, ஊசி என இரு பிரிவினருக்குமே சராசரியாக ஏறத்தாழ 30 டெசிபல் திரும்பக் கிடைத்தது. ஊசியில் சர்க்கரை அவ்வளவாக ஏறாது.

பெரியப்பா, 8.26: காதுக்குள் ஊசியா!

அண்ணி, 8.34: செவிப்பறையை மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் போடுவார்கள். மருந்து உள்ளே போனதும், அந்தக் காது மேலே இருக்கும்படி அரை மணி நேரம் பேசாமல், எச்சிலைக்கூட விழுங்காமல் படுத்திருக்கச் சொல்வார்கள். விழுங்கினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். பெரிய மாமாவுக்குப் பேசாமல் இருப்பதுதான் சிரமம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கேட்கும் திறன் சிலருக்கு மருந்தில்லாமலே திரும்பிவிடுவதால், இதில் ஸ்டீராய்டின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. அளவைப் பல மடங்கு கூட்டினாலும் கூடுதல் பலன் இல்லை என்பது ஜெர்மனியில் நடந்த பெரிய ஆய்வில் தெரிந்தது.

அத்தை, 8.50: படுக்கையில் புரளும்போது எனக்குத் தலை சுற்றுகிறதே, நானும் இந்த ஊசியைப் போடச் சொல்லிக் கேட்கலாமா?

அண்ணி, 9.02: புரளும்போது மட்டும் சில நொடிகள் சுற்றினால், அது பெரும்பாலும் உள்காதில் கால்சியத் துகள்கள் இடம் மாறியதால் வருவது. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் எப்லி முறையால் சரியாகும். ஸ்டீராய்டுக்கு அங்கே வேலையே இல்லை. தலைச்சுற்றலோடு காது இரைச்சலும் செவித்திறன் குறைவும் வரும் உள்காது நோயான மெனியர் நோய் வேறு. அதில் தலைச்சுற்றல் அடிக்கடி வந்தால் நடுக்காதில் ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. அதற்கே ஊசியாகப் போடும் பழைய மருந்தான ஜென்டாமைசின் செவித்திறனைக் கெடுக்கக்கூடும். 60 பேரிடம் நடந்து 2016இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், சுற்றலைக் குறைப்பதில் ஸ்டீராய்டு, ஜென்டாமைசின் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன.

பெரியப்பா, மாலை 5.40: ஆடியோகிராம் எடுத்தாயிற்று. நரம்புவழி இழப்பு என்றுதான் சொன்னார்கள். சர்க்கரையைப் பார்த்த மருத்துவர் ஊசியையே தேர்ந்தெடுத்து, முதல் ஊசியை நாளைக்குப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்ய எம்ஆர்ஐயும் எழுதியிருக்கிறார்.

அப்பா, 5.44: நான் இரவு ரயிலில் கிளம்பி வருகிறேன் அண்ணா. சர்க்கரை பார்க்கும் கருவிக்குப் பட்டைகள் இருக்கின்றனவா, வாங்கி வரட்டுமா?