வெளியூரிலிருந்து சென்னைக்குக் குடிவந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவைக்காரி (மடிப்பாக்கம்)

வீட்டுக்காரருக்கு கிண்டிக்கு மாற்றல், அதனால் பீளமேட்டிலிருந்து பெட்டி படுக்கையோடு மடிப்பாக்கம் வந்தோம். வெயில், டிராஃபிக் பற்றியெல்லாம் ஏற்கனவே எல்லோரும் எழுதிவிட்டீர்கள். மே மாதத்தில் குளித்துத் துவட்டும்போதே வேர்க்கும், அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்குப் பழக நாளானது வேறொன்று. இந்த ஊரில் எதையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். எங்கள் பக்கம் புது ஆள் ஒருவர் தெருவில் நின்றாலே "யாருங்க, எந்த வீட்டுக்கு வந்தீங்க?" என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். இங்கே பொழுதுக்கும் நின்றாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஆனால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து செய்து கொடுப்பார்கள். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கேட்பதற்கே யோசிக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். அவர்களாகக் கொடுத்தால் வாங்கலாம், நாமாகப் போய்க் கேட்கக் கூடாது என்பது எங்கள் அம்மா கட்சி. அந்தக் கட்சியை வைத்துக்கொண்டு இங்கே குடித்தனம் நடத்த முடியாது.

முதல் விஷயம் தண்ணீர். கோவையிலும் போர் தண்ணீர் உப்புதான், சிறுவாணித் தண்ணீர் எல்லா நாளும் வந்துவிடாது, ஆனால் வந்தால் பிடித்து அப்படியே குடிக்கலாம். இங்கே ஒரே வீட்டில் மூன்று வகைத் தண்ணீர். போர் தண்ணீர் பாத்ரூமுக்கு, அதுவும் கோடையில் லேசாகச் சிவந்து வரும், குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து ஷவர் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொள்ளும். லாரித் தண்ணீர் சமையலுக்கு, பாத்திரத்துக்கு. குடிக்க இருபது லிட்டர் கேன். தலைமுடி கொட்டுவது வீட்டுக்கு வீடு நடக்கும் பேச்சு.

எங்கள் பில்டிங்கில் ஆறு வீடு, எல்லோருக்கும் ஒரே சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி. லாரி எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை. அழைப்புமணி அடித்து, "யம்மா, சம்ப் மூடியத் தொற, லேட்டாவுது" என்று டிரைவர் குரல் கேட்டபோதுதான் அன்றைக்கு எங்கள் வீட்டு முறை என்றே தெரியும். எனக்கு அந்த மூடியைத் தூக்கவே வரவில்லை. கீழ்வீட்டு அக்காவைப் போய்க் கேட்டேன். அதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, முகத்தைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கும். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார், கம்பியை விட்டு மூடியை நெம்பினார், உடனே ஹோஸை விட விடவில்லை. ஒரு நீளக் கம்பை உள்ளே விட்டு எடுத்து, ஈரம் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். லாரி காலியானதும் மறுபடி விட்டு இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே இவ்வளவு இருந்தால் முழு லோடு, குறைந்தால் காசு கொடுக்காதே, அவ்வளவுதான் பாடம். டிரைவரும் அதைப் பார்த்துக் கோபப்படவில்லை, "அக்கா கரெக்டா இருப்பாங்க" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அந்த அக்காதான் 2019 கோடையைப் பற்றிச் சொன்னார். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வற்றி, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள் இல்லையா, அந்தச் சமயம் இந்தத் தெருவில் லாரிக்குப் பதிந்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார்களாம். அதைக் கேட்டபிறகு மேல்டேங்க் நிரம்பி வழிகிற குழாயின் கீழே ஏன் ஒரு பழைய பெயின்ட் பக்கெட் வைத்திருக்கிறார்கள் என்பது புரிந்தது. பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் யார் வீட்டில் இருந்தாலும் ஓடிப்போய் மோட்டாரை அணைக்க வேண்டும், பக்கெட்டில் விழுந்தது செடிக்கு.

அப்புறம் பஸ். எங்கள் ஊரில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிற தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் நம்மிடம் வந்து டிக்கெட் கொடுப்பார். இங்கே கண்டக்டர் பின்வாசல் பக்கம் தன் சீட்டில் உட்கார்ந்திருப்பார், டிக்கெட் வாங்குவது நம் பொறுப்பு. சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் காசு கிடையாது, ஆனாலும் டிக்கெட் வாங்கத்தான் வேண்டும். கூட்டத்தில் முன்னால் மாட்டிக்கொண்டு நின்றபோது யாரோ தோளைத் தட்டி ஒரு இருபது ரூபாய்த் தாளைக் கையில் திணித்து "ஒரு கிண்டி பாஸ் பண்ணுமா" என்றார். யாரென்றுகூடத் தெரியாது. நான் வாங்கிப் பின்னால் கொடுத்தேன், அது ஏழெட்டுக் கை மாறிப் போய், டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே வழியாகத் திரும்பி வந்தது, ஒரு ரூபாய் குறையவில்லை. யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. இப்போது டிக்கெட் மெஷினும் ஜிபேவும் வந்து இது குறைந்திருக்கிறது, கூட்ட நேரத்தில் இன்னும் நடக்கிறது. சென்னைக்காரர்கள் முரடு என்று ஊரில் யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

முத்துநகர் (ஈக்காட்டுத்தாங்கல்)

அக்கா சொல்வது குடும்பஸ்தர்களுக்குச் சரி. என்னை மாதிரி கல்யாணமாகாதவன் எங்கே கேட்பது? என்னைத்தான் எல்லோரும் கேட்டார்கள். வீடு தேடிப் போன இடத்திலெல்லாம் சொந்த ஊர் எது, எத்தனை பேர், வெஜ்ஜா நான்வெஜ்ஜா, ராத்திரி எத்தனை மணிக்கு வருவீர்கள், அப்பா என்ன செய்கிறார், கடைசியில் சுற்றி வளைத்து "நீங்க என்ன ஆளுங்க?" தூத்துக்குடிக்காரனிடம் மீன் சமைப்பாயா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது! ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடித்து, அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்றார்கள். 2017-ல் போட்டு 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தில், தனியாக வேறு ஒப்பந்தம் செய்யாத வரைக்கும் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று இருக்கிறது, அதை மெதுவாகச் சொன்னேன். "அப்ப சட்டம் படிச்சவங்க வீட்லயே போய் இருங்க" என்று கேட்டைச் சாத்திவிட்டார்.

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் கொஞ்ச காலம் இருந்தேன். ஒரு கட்டில், ஒரு பீரோ, கை நீட்டினால் எதிர்ச் சுவர். குறை சொல்ல மாட்டேன், நடந்து போனால் மெரினா, விடியற்காலை இரண்டு மணிக்கு வந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை.

இப்போது இருக்கிற வீடு கிடைத்தது தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியால். ஒரு நாள் போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டே சோப்பு வாங்கினேன், போனை வைத்ததும் "தம்பிக்கு எந்தூரு, ஸ்ரீவைகுண்டம் பக்கமா?" என்றார். பேச்சைக் கேட்டே கிட்டத்தட்டப் பிடித்துவிட்டார். வீடு தேடுகிறேன் என்றதும் கடையை வேலைக்காரப் பையனிடம் விட்டுவிட்டு என்னோடு நடந்து வந்து, வீட்டு ஓனரிடம் "நம்ம பையன்தான், நான் பொறுப்பு" என்றார். என் பெயரை அதற்கப்புறம்தான் கேட்டார். ஆக, அக்கா சொன்னதில் பாதி சரி. கேட்கலாம், ஆனால் நமக்காகக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் எல்லோரும் உஷாராக இருங்கள். ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தானாக ஒரு கணக்கு வைத்து வாங்குவார். வீட்டுக்குத் தனி மீட்டர் உண்டா, பில் நம்பர் நம் கைக்கு வருமா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம், ஓனரின் இணைப்பிலிருந்து பிரித்து சப்மீட்டர் போட்ட வீட்டில் அது நமக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.

காவிரிக்கரை (நங்கநல்லூர்)

நான் ரிட்டயர் ஆகி மகன் வீட்டுக்கு வந்தவன், கும்பகோணம் பக்கம். வாடகை, பஸ் பாஸ் கவலையெல்லாம் எனக்கு இல்லை. எனக்குப் பால்தான் பிரச்சினை. ஊரில் வீட்டு வாசலில் கறந்த பால் அளந்து ஊற்றுவார்கள், இங்கே நீலம், பச்சை, ஆரஞ்சு என்று ஆவின் பாக்கெட். மருமகள் நீலம்தான் வாங்குவாள், அதில் காபி போட்டால் எனக்கு வாய்க்கு வழங்கவில்லை. குடிவந்த வீட்டில் அதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்ளவும் மனசில்லை.

விடியற்காலையில் நானே பூத்துக்குப் போய், "அம்மா, டிகிரி காபிக்கு எது?" என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆரஞ்சு எடு தாத்தா, கொழுப்பு அதிகம், சுகர் கிகர் இருந்தா பச்சையோட நிறுத்திக்கோ" என்றாள். நீ என்று பேசுகிறாளே என்று முதலில் சுருக்கென்றது. பக்கத்தில் நின்றவர் மாதப் பால் அட்டை போட்டால் மாதத்துக்குக் கொஞ்சம் மிச்சம் என்று சொல்லி, எங்கே போய் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கையோடு அழைத்துப் போனார். இப்போது தினமும் அந்த நேரத்துக்கு பூத் வாசலில் நாங்கள் ஒரு கோஷ்டி. மார்கழியில் அங்கிருந்து அப்படியே ஆஞ்சநேயர் கோயில், பொங்கல் வாங்கிக்கொண்டு வீடு. மருமகள் நீலமே வாங்கட்டும், ஆரஞ்சு என் கணக்கு.

பெரம்பூர் பொண்ணு

நான் பிறந்து வளர்ந்தது பெரம்பூர், இப்போது இருப்பது திருப்பூர், தலைகீழ் கேஸ். எல்லோரும் எங்களை முரடு, நீ வா போ என்று பேசுகிறோம் என்கிறீர்கள். எங்கள் தெருவில் தாத்தாவையும் நீ என்றுதான் கூப்பிடுவோம், அவர் செத்தால் மூன்று நாள் தெருவே அடுப்புப் பற்ற வைக்காது. கேட்காமல் நாங்கள் ஏன் வருவதில்லை என்றால், பத்துக்குப் பத்து வீட்டில் சுவரோடு சுவராக இருக்கிறோம், பக்கத்து வீட்டில் என்ன சண்டை, யாருக்கு என்ன கடன் என்று எல்லாமே காதில் விழும், விழுந்தும் விழாத மாதிரி இருப்பதுதான் அங்கே மரியாதை. திருப்பூரில் வந்த முதல் வாரமே சம்பளம் எவ்வளவுங்க என்று பனியன் கம்பெனியில் ஒருத்தர் விடாமல் கேட்டார்கள், அதுவும் அவ்வளவு பணிவாக! நான் வாயடைத்துப் போனேன். அப்புறம் இங்கே வடகறி கிடைக்கவில்லை, பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கிடைக்கவில்லை, அதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் அழுதுவிடுவேன்.

கோவைக்காரி (மடிப்பாக்கம்)

பெரம்பூர் தங்கச்சி சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. கீழ்வீட்டு அக்காவும் அப்படித்தான், எங்கள் வீட்டுச் சண்டை கண்டிப்பாக அவருக்குக் கேட்டிருக்கும்! முத்துநகர் தம்பி சொன்னதும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், தாலி, குழந்தை, வீட்டுக்காரர் என்று நான் போய் நின்றதால் எனக்குக் கதவு சுலபமாகத் திறந்தது.

இங்கே ஒருவர் பெரும்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கிறேன் என்று கேட்டிருந்தார். சதுப்புநிலத்தை ஒட்டிய பக்கம், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். ஓனரிடம் மழைத்தண்ணீர் நிற்குமா என்று கேட்டால் "எங்க தெருவுல மட்டும் நிக்காது" என்பார், எல்லாத் தெருவிலும் இதே பதில்தான். அயர்ன் வண்டிக்காரரையும் ஆட்டோ ஸ்டாண்டிலும் கேளுங்கள். 2015 டிசம்பரில் எதுவரை வந்தது, 2023 மிக்ஜாம் புயலில் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று அந்த இரண்டையும் குறிப்பாகக் கேளுங்கள், முழங்காலைத் தொட்டோ இடுப்பைத் தொட்டோ காட்டுவார்கள். கார் இருந்தால் மழை அறிவிப்பு வந்ததும் அக்கம்பக்கத்தார் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்றும் விசாரியுங்கள். 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலம் முழுக்க வரிசையாகக் கார் நின்றது, நாங்கள் போனபோது எங்கள் வண்டிக்கு இடமே இல்லை. தரைத்தளம் வேண்டாம். தெருவை விட வாசல் எத்தனை படி உயரம் என்று பாருங்கள், ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ஒரு படி காணாமல் போகும்.

அப்புறம் ஒன்று, சுவரில் பழைய வெள்ளத்தின் கோடு இருக்கிறதா என்று பார்ப்பீர்கள், புது பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள். காம்பவுண்டுக்குப் பின்னால் போய் மோட்டார் ரூம் சுவரைப் பாருங்கள், அதற்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை.