மறியல் வழக்கு: எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) சாட்சிக் கூண்டேறணுமா?

கேள்வி: தங்கச்சிமடத்துல 2023ல நடந்த மறியல். நான் வாதாடுற கட்சிக்காரர்தான் முதல் எதிரி. அரசுத் தரப்பு சாட்சி முடிஞ்சுது. அவர் கூண்டேறலைன்னா குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாண்ணே?

பதில்: ஆகாது தம்பி. பழைய வழக்கு, அதனால பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சிஆர்பிசி 315தான். அவரே எழுதிக் கேட்டாத்தான் சாட்சி. ஏறலைன்னு அரசு வக்கீல் பேசவும் கூடாது, நீதிபதி ஊகிக்கவும் கூடாது. அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டம் பிஎன்எஸ்எஸ்ல இதே 353.

பதில்: அரசுத் தரப்பு சாட்சி முடிஞ்சதும் நீதிபதி எதிரிகிட்ட கேக்குற 313 கேள்வி வேற, குழப்பிக்காதீங்க. சத்தியம் கிடையாது, குறுக்கு விசாரணையும் கிடையாது. ஆனா சொன்ன பதிலைக் கோர்ட் கணக்குல எடுக்கும். எல்லாத்துக்கும் "தெரியாது"ன்னுட்டு, வாதத்துல வந்து "அன்னிக்கு மறியல்ல இல்ல, மண்டபம் ஊர்ல இருந்தார்"னா எடுபடாது. 313(5)படி அதை எழுத்துல கொடுத்துடுங்க.

பதில்: மண்டபத்துல இருந்ததை நிரூபிக்கிற சுமை அவருக்குத்தான். பார்த்த ஆளை எதிரி தரப்பு சாட்சியாப் போடுங்க. மேடைப் பேச்சு வீடியோ இருந்தா அவர் ஏறாம இருக்கறதே நல்லது. ஏறினா அரசு வக்கீல் அந்தப் பேச்சை வரிவரியாக் கேட்டுக் குடைவார்.