ஐஸ் ஹொக்கிச் சப்பாத்தில் சக்கரம் பூட்டும் முன் உதவி தேவை: குதிகால் எழும்புகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன

கேள்வி (கொட்டகலையிலிருந்து)

வணக்கம். ரொறன்ரோவில் வேலை செய்யும் என் அண்ணன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்ததும் கைவிட்ட ஐஸ் ஹொக்கிச் சாமான்களைக் கப்பலில் அனுப்பியிருந்தார். ஒரு சோடி ஸ்கேட் சப்பாத்து, இரண்டு மட்டைகள், கையுறை, கம்பி முகமூடி போட்ட தலைக்கவசம், முழங்கால் காப்பு ஆகியவற்றோடு, நான்கு நான்கு சக்கரங்கள் பூட்டிய இரண்டு அலுமினியச் சட்டங்களும் பெட்டியில் இருந்தன. நுவரெலியாவில் தை மாதத்து உறைபனி புல்லை வெளுக்க வைப்பதோடு சரி. பனித்தளத்துக்கு நாம் எங்கே போவது? எங்கள் தோட்டத்தில் பயன்பாடில்லாமல் கிடக்கும் பழைய கொழுந்து மடுவத்தின் சீமெந்துத் தரையில் விளையாடுவதற்காக, சப்பாத்தின் அடியிலுள்ள அலகைக் கழற்றிவிட்டுச் சக்கரச் சட்டத்தைப் பூட்ட நினைக்கிறேன்.

துளை போடுவதற்கு முன் கேட்டுவிடுவது நல்லது என்று தோன்றியது. நான் வழக்கமாகப் போடும் சப்பாத்து 8. இந்த ஸ்கேட்டில் 7 என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டு கம்பளிக் காலுறை போட்டு, நாடாவை அடியிலிருந்து நுனிவரை இறுக்கிக் கட்டினால், பத்து நிமிடத்தில் இரு கால் விரல்களும் மரத்துப்போகின்றன. அதே வேளையில் இடது குதிகால் மட்டும் ஒவ்வோர் அடிக்கும் மேலே எழும்புகிறது. முன்னால் இறுக்கம், பின்னால் தளர்வு என்றால் சப்பாத்து சிறிதா பெரிதா என்றே எனக்கு விளங்கவில்லை. சூடாக்கினால் காலின் வடிவத்துக்கு வரும் என்று அண்ணன் சொன்னார். எங்கள் டவுனில் தெரிந்த பேக்கரிக்காரர் ஒருவர் போரணையில் வைத்துத் தரச் சம்மதித்திருக்கிறார். வைக்கலாமா?

பதில் (கனடாவின் ஸ்காபரோவிலிருந்து, பிறந்தது டிக்கோயாவில்)

தம்பி, முதலில் அந்தப் பேக்கரிக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டுச் சப்பாத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நான் வேலை செய்யும் விளையாட்டுச் சாமான் கடையில் இதற்கென்றே உள்ள அடுப்பில் ஏறக்குறைய 80 பாகை செல்சியஸில் சில நிமிடங்களே வைப்போம். பாண் வேகும் போரணையின் சூடு 200 பாகையைத் தாண்டும். அதில் பசை இளகி அடித்தட்டே கழன்றுவிடும். எல்லாச் சப்பாத்தும் சூட்டுக்கு வளைந்து கொடுக்கும் வகையைச் சேர்ந்ததுமல்ல.

அளவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இலங்கையில் நாம் சொல்லும் 8 பிரித்தானிய அளவு. அமெரிக்க அளவில் அது ஏறக்குறைய 9. ஹொக்கி ஸ்கேட்டை அமெரிக்கச் சப்பாத்து அளவிலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை குறைத்தே எடுப்பது வழக்கம் என்பதால், உங்களுக்கு 7½ சரியாக இருந்திருக்கும். 7 சற்று இறுக்கம்தான், ஆனால் ஒதுக்கிவிடும் அளவுக்கு இல்லை. நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தைப் பட்டும் படாமலும் தொட வேண்டும். முழங்காலை மடித்துக் குனிந்தால் விலக வேண்டும். நாடாவைத் தளர்த்திக் காலை முன்னுக்குத் தள்ளிப் பார்த்தால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல்தான் நுழைய வேண்டும்; இரண்டு நுழைந்தால் சப்பாத்து பெரிது.

ஆழத்தைப் பார்க்க ஒரு பென்சில் போதும். நாடா கட்டாமல் சப்பாத்தின் நாக்கை முன்னே இழுத்துவிட்டு, மேலிருந்து மூன்றாவது கண்துளைகளுக்குக் குறுக்கே பென்சிலை வையுங்கள். அது காலில் படாமல் இருபக்க ஓரத்திலும் படிந்து கிடந்தால் ஆழம் போதும். காலில் முட்டிக்கொண்டு நின்றால், உங்கள் கால் சப்பாத்துக்குள் முழுதாக இறங்கவில்லை.

விரல் மரத்துப்போவதற்கு அந்த இரண்டு கம்பளிக் காலுறைகளே காரணம் என்பது என் எண்ணம். மலைநாட்டுக் குளிரில் வளர்ந்த நமக்குக் கால் என்றாலே கம்பளி ஞாபகம்தான் வரும். ஸ்கேட்டுக்கு ஒரே ஒரு மெல்லிய காலுறை போதும். நாடா கட்டும்முன் குதியைத் தரையில் நாலு தடவை தட்டிப் பின்னுக்கு உட்கார வையுங்கள். பிறகு விரல் பக்கம் தளர்வாகவும், பாதத்தின் மேல்வளைவிலும் கணுக்காலிலும் இறுக்கமாகவும் கட்டுங்கள்.

இடது குதிகால் மட்டும் எழும்புகிறது என்றால், உள்ளட்டையைக் கையால் உருவி வெளியே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அக்கா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். வலது சப்பாத்தில் பென்சில் படிந்து கிடந்தது. இடதில் காலில் முட்டி ஆடியது. இடது உள்ளட்டையை உருவியபோது அதன் அடியில் இன்னோர் அட்டை இருந்தது. யாரோ அளவாக வெட்டி ஒட்டிய, ஏறக்குறைய ஆறு மில்லிமீற்றர் தடிப்புள்ள இறப்பர் துண்டு. விளிம்பெல்லாம் காய்ந்து பலாச்சுளைத் தோல் போலச் சுருண்டிருந்தது. முன்பு போட்ட பையனுக்கு அது என்ன காரணத்துக்குத் தேவைப்பட்டதோ தெரியவில்லை. அதைப் பிய்த்தெடுத்துவிட்டு மெல்லிய காலுறையோடு கட்டி முக்கால் மணி நேரம் வீட்டுக்குள் நின்றேன். குதிகால் பள்ளத்தில் பதிந்துகொண்டது. விரல்கள் மரக்கவில்லை. வலது கணுக்காலின் வெளி எலும்பு மட்டும் உரசுகிறது.

பதில் (ஸ்காபரோவிலிருந்து)

அந்த எலும்பு படும் இடத்தில் மட்டும் தலைமயிர் உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடேற்றி, உள்ளிருந்து கரண்டிப் பிடியின் உருண்ட முனையால் வெளிப்பக்கம் அழுத்திப் பிடியுங்கள். ஆறும்வரை கையை எடுக்காதீர்கள். சிறிது சிறிதாக இரண்டு மூன்று தடவை செய்வதே பாதுகாப்பு.

பதில் (ஹட்டனிலிருந்து, வாகனத் திருத்தகம் நடத்துபவர்)

தம்பி, நான் ஸ்கேட் போட்டு நடந்தவனல்லன்; ஆனால் ரிவெட் கழற்றுவது என் அன்றாட வேலை. அலகுத் தாங்கி ரிவெட்டுகளால்தான் பிடித்திருக்கும். ரிவெட்டின் விரிந்து மடிந்த முனை எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்த மடிப்பை மட்டும் துளைக்கருவியால் சீவிவிட்டு, மிச்சத்தை மறுபக்கம் தட்டி வெளியேற்றுங்கள். கருவியை முழு ஆழத்துக்கு ஓட விட்டால் அடித்தட்டின் துளை அகன்றுவிடும். அகன்ற துளையில் புதுத் திருகாணி நிற்காது.

புதுச் சட்டத்தை எடுத்த எடுப்பில் எல்லாத் துளையிலும் முடுக்கிவிடாதீர்கள். குதியின் நடுவிலிருந்து முன்பாதத்தின் நடுவுக்கு அடித்தட்டில் ஒரு கோடு கீறி, முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டே திருகாணி போட்டுக் கட்டி எழுந்து நில்லுங்கள். கணுக்கால் உள்ளே சாய்ந்தால் சட்டத்தைச் சற்று உள்பக்கமும், வெளியே சாய்ந்தால் வெளிப்பக்கமும் நகர்த்த வேண்டும். கார் டயரின் நேர்பார்ப்பும் இதே கதைதான். திருகாணித் தலை தட்டையாகச் சப்பாத்துக்குள்ளும், கழலாத வகை நட்டு வெளியேயும் வர வேண்டும். வெளியே நீளும் முனை சக்கரத்தில் தட்டாமல் அறுத்துவிடுங்கள். நம் பக்கத்து ஈரத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு தவிர வேறு எதையும் போடாதீர்கள். பயன்படாத பழைய துளைகளை எப்பொக்சிப் பசையால் அடைத்துவிட்டால் மழைநீர் உள்ளே ஏறாது.

பதில் (ஸ்காபரோவிலிருந்து)

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சக்கரங்களின் பக்கத்தில் 74ஏ, 78ஏ, 82ஏ என்பது போல ஓர் எண் இருக்கும். அது கடினத்தின் அளவு. வழுவழுப்பான உள்ளரங்கத் தரைக்கு மென்மையானவை நல்லவை. சொரசொரப்பான சீமெந்தில் அவை அழிறப்பர் போலத் தேய்ந்துவிடும் என்பதால், 82ஏ அல்லது அதற்கு மேற்பட்டதாக அண்ணனிடம் கேளுங்கள். முன்சக்கரம் சிறிதும் பின்சக்கரம் பெரிதுமாக இருந்தால் அது பிழையல்ல, அப்படியே செய்யப்பட்ட சட்டம், மாற்றிப் பூட்டிவிடாதீர்கள். கழற்றிய அலகையும் தாங்கியையும் எண்ணெய் பூசிச் சுற்றி வையுங்கள், வீச வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மட்டையைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். இரண்டும் என் புருவம் வரை வருகின்றன. பள்ளிக்கூடத்தில் புல்தரை ஹொக்கி விளையாடியவன் நான். ஆனால் இந்த மட்டையால் பந்தைத் தள்ளினால் அது நினைத்த பக்கம் போகாமல் வழுக்கி விலகுகிறது.

பதில் (மாத்தளையிலிருந்து, பாடசாலை ஹொக்கிப் பயிற்றுநர்)

மாத்தளையில் ஹொக்கி மட்டை இல்லாத வீதியைக் காண்பது அரிது என்பதால் இதற்கு நான் பதில் சொல்லலாம். நமது மட்டையில் தட்டையான முகம் ஒரு பக்கத்தில்தான் உண்டு. இடக்கைக்காரருக்கென்று தனி மட்டை கிடையாது. எல்லோரும் இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் வைத்தே பழகுகிறோம். ஐஸ் ஹொக்கி மட்டையோ இடது, வலது என்று எதிரெதிராக வளைந்திருக்கும். உங்கள் பிடிக்கு வலது வளைவு தேவை. மட்டையை உங்கள் வலப்பக்கத் தரையில் வைத்துப் பாருங்கள். அலகின் குழிந்த பக்கம் முன்னோக்கியிருந்தால் அது உங்களுடையது. புடைத்த பக்கம் முன்னே தெரிந்தால், பந்து அந்தப் புடைப்பில் பட்டுத்தான் விலகுகிறது.

பதில் (ஸ்காபரோவிலிருந்து)

அருமையாகச் சொன்னீர்கள், ஐயா. கனடாவில் இடது மட்டை பிடிப்பவர்களே அதிகம். ஆகவே கைமாறி வரும் மட்டைகள் பெரும்பாலும் இடதாகவே இருக்கும். நீளத்துக்கு, வெறுங்காலோடு நின்றால் மூக்குவரை, ஸ்கேட்டோடு நின்றால் நாடிவரை என்பது தொடக்கக் கணக்கு. ஆனால் வெட்டும்முன் தண்டில் எழுதியுள்ள, அதன் விறைப்பைக் காட்டும் எண்ணைப் பாருங்கள். உடல் எடையை இறாத்தலில் கணக்கிட்டு, அதில் பாதியை எடுப்பது வழக்கம். வெட்ட வெட்டத் தண்டு விறைப்பாகும். வெட்டுமிடத்தில் ஒட்டுநாடா சுற்றிவிட்டு, மேல்முனையிலிருந்து இரும்பறுக்கும் வாளால் அறுங்கள்.

பனித்தளத்தில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் இறப்பர் வட்டைச் சீமெந்தில் பயன்படுத்தாதீர்கள். அது வழுக்காமல் உருண்டு குதிக்கும். கடினமான பிளாஸ்டிக் பந்து போதும். தலைக்கவசத்தின் பின்புறச் சான்று ஒட்டியில் முடிவுத் திகதி இருக்கும். அமெரிக்கச் சான்று உற்பத்தியிலிருந்து ஆறரை ஆண்டுக்கே செல்லும். சீமெந்தில் விழுவது பனியில் விழுவது போலன்று.

கேள்வி கேட்டவர்

இரண்டு மட்டைகளும் இடதுதான். தண்டில் 85 என்றிருக்கிறது. என் எடை 62 கிலோகிராம், அதாவது ஏறக்குறைய 137 இறாத்தல், பாதி 68. வெட்டினால் இன்னும் விறைப்பாகிவிடும் என்பதால் வெட்டாமல் எடுத்து வைத்துவிட்டேன். வலது மட்டை ஒன்று அனுப்பும்படி அண்ணனுக்கு எழுதியிருக்கிறேன். தலைக்கவசத்தின் திகதி முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன, அதையும் கேட்டிருக்கிறேன்.

சட்டங்களை நேற்று ஹட்டன் ஐயாவின் திருத்தகத்திலேயே பூட்டினோம். வலது கால் முதல் தடவையிலேயே நேராக நின்றது. இடதை மூன்று மில்லிமீற்றர் உள்ளே நகர்த்த வேண்டியிருந்தது. புதுத் தலைக்கவசம் வரும்வரை மடுவத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க மட்டும் பழகுகிறேன்.