420 ரிங்கிட் ஜீன்ஸில் கிள்ளான் போராட்டமா?

அம்பாங்வாசி: கோலாலம்பூரில் நம் இளைஞர்கள் இருவர் சொந்தமாக ஜீன்ஸ் தயாரித்து விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். வரலாறு, இசை, கலகம் மூன்றும் கலந்த உடுப்பு என்பது அவர்கள் விளம்பரம். பையின் உள்துணியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கும் ஒருவரின் படம்; பக்கத்தில் ‘1941’. விலை 420 ரிங்கிட். கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். மகிழ்வதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

கிராணி பேரன்: கோபப்படுங்கள். 1941 என்றால் மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டது இன்னொன்று: வெள்ளைக்காரத் துரையோ, தோட்டத்து எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதனைக் கைது செய்தார்கள், பட்டாளத்தை இறக்கிச் சுட்டார்கள். என் தாத்தா தோட்டத்துக் கிராணி. அவருக்காகவும் யாரோ இறங்கியிருப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும் விஷயம் இவர்களுக்கு வியாபாரம். பால்மரம் வெட்டப் போனவர் எவர் ஜீன்ஸ் போட்டார்?

அவுரி: ஐயா, ஜீன்ஸே கூலிக்காரர் உடுப்பாகப் பிறந்ததுதான். ரெனோ நகரத்துத் தையல்காரர் ஜேக்கப் டேவிஸ், உழைப்பாளிகளின் கால்சட்டைப் பை கிழியாமல் இருக்க மூலையில் செப்பு ரிவெட் அடித்தார். தமக்குத் துணி விற்ற லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20 அன்று காப்புரிமை பெற்றார். இந்த வகை முரட்டு உழைப்பு உடுப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘டங்கரி’ என்ற பெயர் பம்பாயின் டோங்ரி பகுதியிலிருந்து போனது. புதுச்சேரியில் அவுரிச் செடியின் சாயத்தில் தோய்த்த நீலத் துணியைப் பிரெஞ்சுக்காரர்கள் மேற்கு ஆப்பிரிக்கா வரை கொண்டுபோய் விற்றார்கள். அவுரி பயிரிட மாட்டோம் என்று 1859-இல் வங்காளத்து விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். இந்த நீலத்தில் கலகம் புதிதாகச் சேர்த்த சரக்கு இல்லை.

கிராணி பேரன்: ஜெர்மானியர்கள் 1897-லேயே ஆலையில் செய்து விற்கத் தொடங்கிவிட்டார்கள் அந்த நீலத்தை. இந்த ஜீன்ஸில் அவுரி இலை ஒன்றுகூட இருக்காது, பந்தயம் கட்டுகிறேன்.

அவுரி: இருக்கட்டுமே. நெசவில் நீளவாட்டு நூலான பாவு நீலம், குறுக்கு நூலான ஊடை வெள்ளை. பாவு நூலிலும் சாயம் நடுவரை இறங்குவதில்லை. அதனால்தான் முட்டி மடங்கும் இடத்தில் வெளுக்கிறது. 14 அவுன்ஸ் கனத்த துணியை ஓராண்டு உடுத்திப் பாருங்கள், பின்பையில் உங்கள் பணப்பையின் சதுரம் பதிந்திருக்கும்.

பினாங்குக்காரன்: இசை என்றார்களே, அதை யாரும் தொடவில்லை. நீண்ட முடி வைத்த ராக் பாடகர்களை அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம்மில் காட்டக் கூடாது என்று 1992-இல் தடை வந்தபோது எனக்கு 17 வயது. பழைய துணி விற்கும் பண்டல் கடையில் 15 ரிங்கிட்டுக்கு வாங்கிய ஜீன்ஸை முட்டியில் நானே கிழித்து வைத்திருந்தேன். அப்பா முடியை வெட்டச் சொன்னார். அதற்குள் அம்மா அந்தக் கிழிசலில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்து, இஸ்திரியும் போட்டுவிட்டார். என் கலகம் அத்தோடு சரி.

செந்தூல் அக்கா: எல்லோரும் பேசுகிறீர்கள். தைப்பவருக்குக் கூலி எவ்வளவு? அதைக் கேட்டீர்களா, அம்பாங் தம்பி?

அவுரி: நல்ல கேள்விதான் அக்கா, ஆனால் ஒன்று. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். சிறையை இடித்த இடத்தில் இன்று பேரங்காடி. அங்கே தொங்கும் ஜீன்ஸைப் பார்த்து யாராவது கோபப்பட்டோமா? இந்தப் பிள்ளைகள் நம் கதையைப் பைக்குள்ளாவது வைத்தார்கள்.

கிராணி பேரன்: ஏன் பைக்குள் ஒளிக்க வேண்டும்? துணிவிருந்தால் வெளியே தெரியும் பின் இடுப்புப் பட்டையில் போடட்டும்.

அம்பாங்வாசி: அக்கா கேட்டதற்காக இன்று மறுபடி போனேன். வீட்டிலிருந்தே இரண்டு பெண்கள் தைக்கிறார்கள், ஒரு ஜீன்ஸுக்குக் கூலி 45 ரிங்கிட் என்றார்கள் அந்த இளைஞர்கள். அதையும் விலைச்சீட்டில் அச்சிடுவீர்களா என்றேன். ஒருவர் மற்றவரைப் பார்த்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். வாங்காமல் வந்துவிட்டேன்.

செந்தூல் அக்கா: ரிவெட் அடிப்பது, காஜா எடுப்பது எல்லாம் அந்த 45-க்குள்ளா, தனியா?

கிராணி பேரன்: அதையும் கேளுங்கள். அச்சிட்டால் எனக்குச் சொல்லுங்கள். இடுப்பு 38.