இரண்டு நாள் வேலை என்று சொன்ன வாய்

தேக்காவாசி:
சிங்கப்பூரில் ஜிஎஸ்டி என்னும் பொருள் சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது 2023 ஜனவரி 1இல். அதற்கு முந்தைய மாதம் நடந்தது இன்னும் உறுத்துகிறது. எங்கள் மென்பொருளை வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு ஆறு கடைகள். "விகிதத்தை மாற்ற எத்தனை நாள் ஆகும்?" என்று மேலாளர் கேட்டு அனுப்பியபோது காப்பிக்கடை வரிசையில் நின்றிருந்தேன். தே தாரே தேநீர் கைக்கு வருவதற்குள் "இரண்டு நாள்" என்று பதில் போட்டுவிட்டேன்.

நிரலில் 0.07 எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடினேன். பதினோரு இடம். ஒரே பிற்பகலில் மாற்றி முடித்தேன். மறுநாள் காலை கணக்குப் பிரிவு அக்கா ஒரு பழைய ரசீதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "தம்பி, இது டிசம்பரில் வாங்கியது. ஜனவரியில் திருப்பிக் கொடுத்தால் வரியை எந்த விகிதத்தில் கழிப்பாய்?"

107 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ரசீது அது. விற்றபோது போட்ட 7 விழுக்காட்டில்தான் கழிக்க வேண்டும், அதாவது 7 வெள்ளி. என் புது நிரல் 7.93 என்று காட்டியது. பழைய ரசீதுகளில் விகிதமே பதிவாகவில்லை, மொத்தத் தொகை மட்டும்தான். அறிக்கைகளுக்காக வரியைத் தனியே பிரிக்க வேண்டிய இடங்களில் முன்பு எழுதியவர் 107ஆல் வகுத்து வைத்திருந்தார். நான் தேடியதோ 0.07. அந்த 107கள் எத்தனை அறிக்கைகளில் ஒளிந்திருந்தன என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போயிற்று. மொத்தம் 19 நாள். டிசம்பர் 31 இரவு மரினா பேயில் வாணவேடிக்கை நடந்தபோது ஆறாவது கடையின் கல்லாவுக்குப் பின்னால் நின்று சோதனை ரசீது அடித்துக்கொண்டிருந்தேன்.

உட்லண்ட்ஸ் ராசு:
நீங்களாவது உங்கள் வாயால் சொன்ன இரண்டு நாளுக்கு மாட்டிக்கொண்டீர்கள். என் வாயில் வராத எண்ணுக்கு நான் மாட்டினேன். ஒரு வேலைக்குப் பத்து வாரம் என்று வெள்ளைப் பலகையில் எழுதியிருந்தேன். விற்பனைப் பிரிவுத் தலைவர் எழுந்து வந்தார், சுண்டுவிரலால் 10ஐ அழித்தார், 6 என்று எழுதினார். "இதற்கு மேல் சொன்னால் ஒப்பந்தம் கிடைக்காது." அவ்வளவுதான் விவாதம். 1 சரியாக அழியாததால் தூரத்திலிருந்து பார்த்தால் 16 போலத் தெரிந்தது. பதினேழு வாரம் ஆனது. எனவே இதெல்லாம் மதிப்பீட்டுப் பிழை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அது பேரம்.

சிராங்கூன் மல்லி:
ராசு அண்ணா, எல்லாப் பழியையும் விற்பனைக்காரர் தலையில் போட முடியாது. என் கதையில் எண் முழுக்க முழுக்க என்னுடையது.

ஒரு மருந்தகத்துக்கு நோயாளிப் பதிவுப் படிவம். பெயர்ப் பகுதிக்கு நான் கேட்டது அரை நாள். பாதுகாப்புக்காக எழுத்து, இடைவெளி தவிர எதையும் ஏற்காதபடி எழுதினேன். திறந்த அன்று முதலில் வந்தவர் ஒரு தமிழ்ப் பெரியவர். அடையாள அட்டையில் அவர் பெயர், பிறகு எஸ், சாய்கோடு, ஓ (s/o, அதாவது இன்னார் மகன்), பிறகு தந்தை பெயர். திரை சிவந்து "பெயரில் தவறு" என்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "எங்கப்பா பெயரில் என்னம்மா தவறு?"

என் அடையாள அட்டையிலும் டி, சாய்கோடு, ஓ (d/o, இன்னார் மகள்) இருக்கிறது. பிறந்ததிலிருந்து அந்தக் கோட்டோடு வாழ்பவள் நான்!

சாய்கோட்டை அனுமதிப்பது நிரலில் ஒற்றை வரியை மாற்றும் வேலை. ஆனால் அதே பெயர் ஆய்வுக்கூடத்துக்கும் மருந்துச் சீட்டு அச்சுக்கும் கட்டண முறைக்கும் போகிறது, ஒவ்வொன்றுக்கும் தனி விதி. பழைய பதிவுகளில் கோட்டோடு, கோடில்லாமல், இடைவெளியோடு, தந்தை பெயரே இல்லாமல் என்று ஒரே ஆளுக்கு நான்கு வடிவங்கள். மூன்று வாரம் ஆயிற்று.

பழைய நிரலர்:
என் அனுபவம் சிறியது. 1999இல் ஈராயிரமாண்டுப் பிரச்சினைக்காக (ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் வைத்த மென்பொருள் 2000ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளும் சிக்கல்) ஒரு கிடங்கு மென்பொருளைத் திருத்தினோம். ஆண்டுக்கு இரண்டு இலக்கம் ஒதுக்கிய இடங்களைத் தேடினோம், தேதிக்குச் சம்பந்தமில்லாத இடங்களிலும் இருந்தன, தாமதமானோம். அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி இருவரும், குறைந்த நாளே போதும் என்று நினைக்கும் இந்த மயக்கத்துக்கு 1979லேயே 'திட்டமிடல் மயக்கம்' (planning fallacy) என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள்; 55 நாளுக்கு மேல் ஆனது. வேலையை உள்ளிருந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக நடக்கும் கதையைத்தான் மனம் சொல்லும். ஆகவே இது எத்தனை நாள் என்று யோசிக்காதீர்கள், போன தடவை இதே மாதிரி வேலைக்கு எத்தனை நாள் ஆனது என்று பாருங்கள். ஒற்றை எண் தராதீர்கள், இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்று சொல்லுங்கள். காத்திருக்கும் நாளையும் எண்ணுங்கள். ஆண்டு இறுதியில் பல நிறுவனங்கள் மென்பொருள் மாற்றங்களுக்குத் தடை போட்டுவிடும், அது விலகினால் சீனப் புத்தாண்டு வந்து நிற்கும். பிந்திய வேலைக்கு ஆள் சேர்த்தால் மேலும் பிந்தும் என்று கணினி அறிஞர் பிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார். ஐந்து பேர் என்றால் இருவர் இருவராகப் பேச பத்து இணைப்புகள், பத்துப் பேர் என்றால் 45. பிறகு, தேக்காவாசி தம்பி கணக்குப் பிரிவை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். மல்லி தன் பெயரையே தட்டச்சு செய்து பார்த்திருக்கலாம்.

சிராங்கூன் மல்லி:
ஐயா, சோதனைக்கு நாங்கள் வைத்திருந்த பெயர்கள் அத்தனையும் அலுவலக மாதிரிக் கோப்பிலிருந்து வந்தவை. அதில் ஒருவருக்கும் கோடு இல்லை. என் பெயர் என் நினைவுக்கே வரவில்லை என்பதைத்தானே எழுதினேன்.

தேக்காவாசி:
பழைய நிரலர் ஐயாவுக்கு ஒரு தகவல். 2024 ஜனவரியில் ஜிஎஸ்டி 9 ஆனது. இந்த முறை கணக்குப் பிரிவு அக்காவை முதலில் கேட்டேன், போன முறையின் 19 நாளையும் புரட்டிப் பார்த்தேன். விகிதங்களைத் தேதியோடு தனி அட்டவணையில் ஏற்கெனவே வைத்திருந்ததால் மாற்றுவது எளிது, சோதனைக்குத்தான் நேரம் வேண்டும். ஐந்து நாள் என்றேன்.

மேலாளர் தன் கைப்பேசியில் பழைய உரையாடலைத் தேடி எடுத்து என் முன் நீட்டினார். "போன முறை இரண்டு நாள்தானே என்றாய்?"