சூப்பர்சார்ஜர் பூட்டிய படகு எஞ்சினில் கலவை சரிசெய்த அனுபவம்

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜரும், அதன் தலைமேல் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் இரண்டு நான்கு-பேரல் ஹாலி கார்புரேட்டர்களும் அமைந்த வி8 படகு எஞ்சின் ஒன்றைச் சரிசெய்து தரும்படி நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டார். த்ராட்டிலை முழுவதும் திறந்தால் எஞ்சின் நன்றாக இழுத்தது. படகு முன்பக்கம் தூக்கி நீர்ப்பரப்பின் மேல் ஏறும் கட்டத்தில்தான், பாதித் திறப்பில், திணறலும் நாக்கிங் ஓசையும் (சிலிண்டருக்குள் கலவை முறைதவறி வெடிக்கும் தட்டல்) கேட்டன. கலவை லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, இருக்கிறது என்று கணித்து அவர் பிரைமரி ஜெட்டுகளை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைகளை) ஒவ்வோர் எண்ணாகப் பெரிதாக்கிக்கொண்டே போயிருந்தார். அதனால் மெதுவோட்டத்தில் பிளக்குகள் கரி படிந்து அடைத்துக்கொண்டனவே தவிர, நாக்கிங் நிற்கவில்லை.

அவருடைய கணிப்பு சரிதான். கலவை லீனாகத்தான் இருந்தது. ஆனால் கோளாறு ஜெட்டில் இல்லை, பவர் வால்வுக்குக் கிடைக்கும் வேக்யூம் (உறிஞ்சும் அழுத்தம்) அளவில் இருந்தது. சாதாரண எஞ்சினில் சுமை ஏறும்போது மானிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களுக்குக் கலவை செல்லும் குழாயில், வேக்யூம் குறைகிறது, 6.5 என்று குறியிட்ட வால்வு, பாதரச அளவில் 6.5 அங்குலத்துக்குக் கீழே இறங்கியதும் திறந்து கூடுதல் பெட்ரோலைத் தருகிறது. கார்புரேட்டருக்குக் கீழே சூப்பர்சார்ஜர் இருந்தால் இந்தக் கணக்கு பிசகிவிடும். த்ராட்டில் பாதி மூடியிருக்கும்போது சூப்பர்சார்ஜர் மேலிருந்து காற்றை உறிஞ்சுவதால் கார்புரேட்டரின் அடியில் வேக்யூம் நீடிக்கிறது. அதே நொடியில் சூப்பர்சார்ஜருக்குக் கீழே, மானிஃபோல்டில், பூஸ்ட் (வெளிக்காற்றைவிட மிகுந்த அழுத்தம்) ஏறத் தொடங்கிவிடுகிறது. சிலிண்டர்கள் பூஸ்டில் உழைக்க, பவர் வால்வோ எஞ்சின் சும்மா ஓடுகிறது என்று எண்ணி மூடியே கிடக்கிறது.

இதை உறுதி செய்ய, கார்புரேட்டருக்கும் சூப்பர்சார்ஜருக்கும் இடையில் ஒரு கேஜும் மானிஃபோல்டில் மற்றொரு கேஜும் பொருத்தி ஓட்டிப் பார்த்தோம். படகு ஏறும் கட்டத்தில் மேல் கேஜ் 8 அங்குல வேக்யூமைக் காட்டியபோது கீழ் கேஜின் முள் பூஸ்ட் பக்கம் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு ஜெட் பெட்டியைத் திறக்க வேண்டிய தேவையே எழவில்லை. பவர் வால்வுக்குச் செல்லும் பழைய வேக்யூம் துளையை அடைத்து, தனிக் குழாய் மூலம் மானிஃபோல்டோடு இணைத்தோம். இந்த இணைப்பில் கசிவு துளியும் இருக்கக்கூடாது. பேக்ஃபயரில் (தீ கார்புரேட்டர் பக்கம் திரும்பிச் சீறுவதில்) வால்வின் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். அதன் பின் பிரைமரி ஜெட்டுகளைப் பழைய அளவுக்கே இறக்கினோம். மெதுவோட்டம் தெளிந்தது, ஏறும்போது கேட்ட ஓசையும் அடங்கியது.

கலவையை அளப்பதில் படகுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. எக்ஸாஸ்டில் குளிரூட்டும் நீரைக் கலந்துவிடும் அமைப்பில் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரை எங்கே வேண்டுமானாலும் பொருத்த முடியாது. மெதுவோட்டத்தில் பின்னோக்கி வரும் ஈரம் பட்டால் சூடான செராமிக் விரிசல் விடும். நீர் கலப்பதற்கு முந்தைய, உலர்ந்த பகுதியில்தான் அதற்கு இடம். பூஸ்டில் லாம்டா (முழுதாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்ட அளவு) 0.78 முதல் 0.82 வரை, அதாவது பெட்ரோலில் ஏறத்தாழ 11.5 முதல் 12 வரையிலான காற்று-எரிபொருள் விகிதம், எனக்கு நிம்மதி தரும் அளவு. எத்தனால் கலந்த பெட்ரோலில் விகித எண்கள் மாறிவிடும் என்பதால் நான் லாம்டாவையே நம்புகிறேன்.

முழு வேகத்தில் எஞ்சினைச் சட்டென அணைத்து பிளக் நிறம் பார்க்கும் பழைய முறையைப் படகில் நான் விரும்புவதில்லை. படகு திடீரென வேகமிழந்தால் அதன் பின்னால் எழுந்த அலையே துரத்தி வந்து எக்ஸாஸ்டுக்குள் நீரைத் தள்ளக்கூடும். ஆனாலும் எட்டு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்ப்பதற்கு மாற்று இல்லை. சென்சார் சொல்வது சராசரி மட்டுமே. நண்பரின் எஞ்சினில் இரண்டு பிளக்குகள் மற்றவற்றைவிட வெளுத்திருந்தன, அது லீன் கலவையின் அடையாளம்; ஒன்றின் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல நுண்ணிய அலுமினியப் புள்ளிகளும் தென்பட்டன. அவை பிஸ்டனிலிருந்து வந்தவை. அந்த மூலைக்குரிய ஜெட்டை மட்டும் சற்றுப் பெரிதாக்கினோம்.

சாலையில் முழுத் த்ராட்டில் சில நொடிகளில் முடிந்துவிடும். படகிலோ அது நிமிடக்கணக்கில் நீளும். ஆகவே, சிறு சோதனையில் தாக்குப்பிடிக்கும் கலவை நீண்ட ஓட்டத்தில் பிஸ்டனை உருக்கிவிடலாம். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறை வற்றாமலிருக்கிறதா என்று அறிய, பெட்ரோல் அழுத்தத்தையும் அந்த நீண்ட ஓட்டத்தின் முடிவில்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: மலிவாகக் கிடைக்கிறது என்று கார் கார்புரேட்டரைப் படகில் ஏற்றாதீர்கள். படகுக்கானதில் மிதவை அறை நிரம்பி வழியும் பெட்ரோல் எஞ்சின் அறைக்குள் சிந்தாமல் கார்புரேட்டரின் தொண்டைக்குள்ளேயே விழும்படி காற்றுக் குழாய்கள் வளைக்கப்பட்டிருக்கும். ஃபிளேம் அரெஸ்டரையும் சோதனையின்போது கழற்றி வைக்கக்கூடாது. அது பேக்ஃபயர் தீயைத் தடுப்பதோடு, அது இல்லாமல் எடுத்த அளவீடுகள் மீண்டும் பொருத்திய பின் செல்லாமலும் போய்விடும்.